வாசகர் கேள்வி–பதில்: இடைக்கால இங்கிலாந்தின் கோயிலிசையைக் கேட்பது எப்படி?

கேள்வி: இடைக்கால ஆங்கிலத் தேவாலயப் பாடல்கள் என்று ஒரு தொகுப்பை எடுத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து நிமிடத்துக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலவே கேட்கிறது. எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் கேட்பது?

பதில்: முதலில் அந்த இரண்டு மணி நேரத்தைக் கைவிடுங்கள். இந்தப் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஒரு திருப்பலியிலோ (கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடு) மாலை வழிபாட்டிலோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரே ஒரு பாடல் பல குரலில் ஒலிக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஒற்றைக்குரல் கீதம், செபம், வாசகம், மௌனம். அந்த இடைவெளியை எடுத்துவிட்டு அடுக்கி வைத்தால் காது சலித்துத்தான் போகும். ஒரு அமர்வுக்கு ஒரு பாடல், மிஞ்சினால் இரண்டு போதும்.

இன்னொன்று, தொகுப்புகள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு இசையை ஒன்றாகக் கட்டித் தருகின்றன. 1000ஆம் ஆண்டையொட்டிய வின்செஸ்டர் இசையும் 1500ஆம் ஆண்டையொட்டிய ஈட்டன் கல்லூரி இசையும் அடுத்தடுத்து வந்தால் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? குரல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிற வரிசையில் கேளுங்கள்.

13ஆம் நூற்றாண்டின் 'எடி பியோ து, ஹெவனே க்வேனே' இரண்டே குரல். அன்னை மரியாளைப் போற்றும் பாடல். லத்தீன் அல்ல, அந்தக் கால ஆங்கிலம். இரண்டு குரல்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஒன்றையொன்று உரசியபடி நகரும். எது மேலே, எது கீழே என்று கவனித்துக்கொண்டே இருங்கள். இடம் மாறுவது காதில் விழத் தொடங்கினால் முதல் கதவு திறந்துவிட்டது.

அடுத்தது வூஸ்டர் துண்டுச் சுவடிகளிலிருந்து ஒரு பாடல். பழைய பாட்டுப் புத்தகங்களின் ஏடுகளைப் பிரித்து, வேறு புத்தகங்களைக் கட்டப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தக் கட்டுகளிலிருந்து மீட்ட இசை இது. இதில் ரொண்டெல்லஸ் என்ற உத்தியைத் தேடுங்கள். மூன்று சிறு மெட்டுகள், மூன்று பாடகர்கள். ஒருவர் பாடியதை அடுத்தவர் எடுத்துக்கொள்ள, மூன்றும் சுற்றி வரும். மொத்த ஒலி மாறாமலே இருக்கும், பாடும் ஆள்தான் மாறுவார். வட்டில் கேட்கும்போது இது வெறும் திரும்பத் திரும்ப வரும் பகுதியாகத் தோன்றும். இடது, வலது, நடு என்று குரல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கவனித்தால்தான் சுழற்சி புரியும்.

மூன்றாவது இசையமைப்பாளர் ஜான் டன்ஸ்டபிளின் 'குவாம் புல்க்ரா எஸ்'. மூன்று குரல், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விவிலியத்தின் உன்னதப் பாட்டு வரிகள். மூவரும் பெரும்பாலும் சொற்களைச் சேர்ந்தே உச்சரிப்பதால் தொலைந்துபோக வழியில்லை. 'வேனி', அதாவது 'வா' என்ற சொல்லில் மூன்று குரலும் நீண்டு நிற்கும் இடத்தை மட்டும் பத்து முறை கேட்டாலும் தகும்.

பிறகு லியோனல் பவரின் 'அல்மா ரெதெம்ப்தோரிஸ் மாத்தெர்' திருப்பலி இசை. கடைசியாக ஈட்டன் பாட்டுச் சுவடிக்கு வாருங்கள். வில்லியம் கார்னிஷின் 'சால்வே ரெஜினா' அல்லது ஜான் பிரவுனின் 'ஸ்தாபாத் மாத்தெர்'. ஐந்து, ஆறு குரல்கள். கால் மணி நேரம் ஓடும். பலர் இதில் தொடங்கித்தான் திணறுகிறார்கள்.

ஒவ்வொரு பாடலையும் மூன்று முறை கேளுங்கள். பாடலின் பொருளைப் படித்துவிட்டு ஒரு முறை முழுதாக. இரண்டாம் முறை கீழ்க்குரலை மட்டும். மூன்றாம் முறை நடுக்குரலை. மேல்குரலைத் தனியாகப் பயில வேண்டியதில்லை, அது தானாக வந்து விழும்.

கேள்வி: அதே காலத்துப் பிரெஞ்சு இசையைவிட ஆங்கில இசை ஏன் இவ்வளவு இனிப்பாக, இளகிய மாதிரி ஒலிக்கிறது? கற்பனையா, உண்மையிலேயே காரணம் உண்டா?

பதில்: காரணம் உண்டு. இந்த இசையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

இடைக்கால ஐரோப்பிய இலக்கணத்தில் நிம்மதியான இணைப்புகள் என்பவை ச–மேல் ச, ச–ப, ச–ம ஆகியவை. ச–க இணைப்பு வந்து போகலாம். அதில் உட்கார முடியாது. தீவின் வழக்கம் வேறு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய, பெயர் தெரியாத ஒரு இசை அறிஞரை 'நான்காம் ஆனானிமஸ்' என்கிறார்கள். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ச–க இணைப்புகளையே மிகச் சிறந்தவையாகக் கருதுகிறார்கள் என்று அவர் குறித்து வைத்தார். (இதே பெயரில் நான்கு பெண்கள் கொண்ட அமெரிக்கக் குழு ஒன்று இருந்தது, தேடும்போது குழம்ப வேண்டாம்.) அதற்கும் முன்பே, 1190களில், வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் இங்கிலாந்தின் வடபகுதி மக்கள் இரண்டு குரலில் பாடுவதை எழுதியிருக்கிறார், குழந்தைகள்கூட அப்படிப் பாடினார்களாம்.

இதில் ஒரு சுருதிச் சிக்கல் இருக்கிறது. அந்தக் காலப் பாடப்புத்தகக் கணக்கில் காந்தாரத்தின் விகிதம் 81:64. இயற்கையான காந்தாரம் 5:4. பியானோவின் அரைச் சுரத்தை நூறாகப் பிரித்த சென்ட் அளவில், முதலாவது ஏறக்குறைய 408, இரண்டாவது 386. பியானோ கொடுப்பது 400. தம்புராவின் மந்தர ஸட்ஜத்தில் தானாக எழும் அந்தர காந்தாரம்தான் அந்த 386. கணக்குப்படி பாடினால் ச–க கூர்மையாக உரசும். ஈவ்ஷம் மடத்துத் துறவி வால்டர் ஓடிங்டன், 1300ஐ ஒட்டிய காலத்தில், பாடகர்கள் இந்த இடைவெளியைத் தம் குரலாலேயே இனிமையாக்கிக்கொள்கிறார்கள் என்ற கருத்தை எழுதி, 5:4 விகிதத்தையும் சுட்டினார். நல்ல பதிவில் நீங்கள் கேட்கும் இளக்கம் இதுதான். பாடகர்கள் காந்தாரத்தை ஒரு நூல் இறக்கி வைக்கிறார்கள், உடனே உரசல் அடங்கி ஒலி ஒன்றாகிவிடுகிறது.

1440ஐ ஒட்டி மார்த்தீன் லெ ஃப்ராங்க் என்ற பிரெஞ்சுக் கவிஞர், ஐரோப்பியக் கண்டத்து இசையமைப்பாளர்களான துஃபாயும் பென்ஷ்வாவும் ஆங்கிலப் பாணியைக் கைக்கொண்டு டன்ஸ்டபிளைப் பின்பற்றினார்கள் என்று பாடினார். அந்தப் பாணியின் மையம் இந்த ச–க, ச–த இணைப்புகளில் கூசாமல் உட்காருவது. ஐரோப்பா முழுவதும் அதைக் கற்றுக்கொண்டது.

மூன்று பேர் இருந்தால் நீங்களே இதைப் பாடிப் பார்க்கலாம். ஃபாபர்டன் என்ற முறை. தாளில் எழுதாமலே அந்தக் காலப் பாடகர்கள் செய்தது. நடுக்குரல் ஒரு எளிய கிரகோரியன் கீதத்தை (ஒற்றைக்குரல் வழிபாட்டு மெட்டு) பாடட்டும். மேல்குரல் அதே மெட்டை எப்போதும் நான்காம் சுரத்து உயரத்தில் பாடட்டும். கீழ்க்குரல் வரியின் முதல் சுரத்திலும் கடைசிச் சுரத்திலும் ஐந்து சுரம் கீழே, இடையில் எல்லாம் மூன்று சுரம் கீழே. உதாரணமாக, நடுக்குரல் ப-வில் இருந்தால் மேல்குரல் மேல் ச. கீழ்க்குரல் தொடக்கத்திலும் முடிவிலும் ச, இடையில் க. அதாவது ச–ப–ச என்று திறந்து, க–ப–ச என்று நகர்ந்து, மீண்டும் திறந்த இணைப்பில் முடியும்.

கெடுவது இரண்டு இடத்தில். நடுக்குரல் ம-வைத் தொடும்போது மேல்குரல் கைசிகி நிஷாதம் பாட வேண்டும். காகலி பாடினால் காது கூசும். இரண்டாவது, மேல்குரல் ஓங்கினால் நடுக்குரல்காரர் தம் மெட்டை விட்டு மேலே இழுபடுவார். மெட்டு நடுவில் இருக்கிறது, அவரே தலைவர். மற்ற இருவரும் அவர் காதுக்குக் கேட்கும் அளவுக்குமேல் போகக் கூடாது. கீபோர்டு துணை வேண்டாம். அது 400 சென்ட் காந்தாரத்தைக் காட்டிக் கெடுத்துவிடும்.

கேள்வி: வாத்தியங்கள் உண்டா? சில பழைய வட்டுகளில் குழல், தந்தி எல்லாம் கேட்கிறது.

பதில்: கோயிலுக்குள் குரலும் ஆர்கனும்தான். ஆர்கனும் பெரும்பாலும் பக்கவாத்தியமாக அல்ல. ஒரு வரி ஆர்கன், ஒரு வரி பாட்டு என்று மாறி மாறி. சுவடிகளில் கீழ்க்குரல்களுக்குப் பாடல் வரி முழுதாக எழுதப்படாததால், அவை வாத்தியத்துக்கானவை என்று முன்பு நினைத்தார்கள். கோதிக் வாய்ஸஸ் குழுவும் அதை 1980இல் தொடங்கிய கிறிஸ்டஃபர் பேஜும் குரலை மட்டும் வைத்துப் பாடிக் காட்டிய பிறகு அந்த எண்ணம் பெரிதும் மாறியது. வாத்தியம் சேர்ந்த பழைய பதிவுகள் ரசிக்கக்கூடியவைதான். ஆனால் நாணல் வாத்தியத்தின் கூர்மையில், மேலே சொன்ன காந்தார இளக்கம் மறைந்துபோகும்.

கேள்வி: தாளம் பிடிபடவே இல்லை. தொடையில் தட்டிப் பார்த்தால் இரண்டாவது வரியிலேயே தப்பிவிடுகிறது.

பதில்: தட்டுவதில் தப்பில்லை, அழுத்தத்தை எதிர்பார்ப்பதில்தான் தப்பு. இந்தச் சுவடிகளில் தாளத்தைக் கட்டம் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள் கிடையாது. சீரான ஒரு துடிப்பு அடியில் ஓடும். ஒவ்வொரு குரலும் அதன்மேல் தன் இஷ்டத்துக்கு அழுத்தும். ஒரு குரல் மூன்று மூன்றாகப் போகும்போது இன்னொன்று இரண்டு இரண்டாகக் கடந்து போகும். மேல்குரலின் அழுத்தத்தைத் தாளமென்று நம்பித் தட்டினால் இரண்டாவது வரியில் தப்பத்தான் செய்யும்.

மிக மெதுவாக நகரும் குரலைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது டெனர் என்ற, மூல கீதத்தைத் தாங்கும் குரல். அதன் நீண்ட சுரம் மாறும் கணங்களை மட்டும் விரலால் தொட்டுக் குறியுங்கள். ஐந்தாறு சுரம் சரியாகத் தொட்டுவிட்டால் நடுவே ஓடும் துடிப்பு தானாகத் தெரியும்.

ஈட்டன் பாடல்களில் ஒரு வசதி உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு பாதி: முதல் பாதி மும்மை நடை, இரண்டாம் பாதி இரட்டை நடை. நடுவில் நடை மாறும் இடம் தெளிவாகக் கேட்கும். கால் மணி நேரப் பாடலில் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

டன்ஸ்டபிளின் நான்கு குரல் 'வேனி சாங்தே ஸ்பிரித்துஸ்' இன்னும் நுட்பமானது. அதன் டெனர் 'வேனி க்ரெயாதோர்' கீதத்திலிருந்து எடுத்தது. ஒரே சுர வரிசை மூன்று கட்டமாக வரும். காலஅளவு 3:2:1 என்று சுருங்கிக்கொண்டே போகும். கடைசிக் கட்டத்தில் பாடல் வேகம் எடுப்பது போலத் தோன்றுவது இதனால்தான். துடிப்பு மாறவில்லை, அடித்தளம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது. மூன்று கட்டமும் எந்த நிமிடத்தில் தொடங்குகின்றன என்று முதல் முறை குறித்துக்கொண்டு, மறுமுறை ஒவ்வொரு தொடக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: திருப்பலி இசை என்று போட்டிருக்கிறது, ஆனால் 'கீரியே' இல்லாமல் நேராக 'குளோரியா'வில் தொடங்குகிறது. வட்டில் விட்டுவிட்டார்களா?

பதில்: இல்லை. இங்கிலாந்தில் சால்ஸ்பரி பேராலயத்தின் வழிபாட்டு முறையே மிகப் பரவலாக இருந்தது. அதில் பெருவிழா நாள்களில் கீரியே எனப்படும் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்ற சிறு செபத்துக்கு இடையே நாளுக்கேற்ற கூடுதல் வரிகள் சேர்த்துப் பாடினார்கள். அதனால் பலகுரல் திருப்பலி இசையில் பல அடுத்த பாடலான குளோரியாவில்தான் தொடங்குகின்றன. கீரியே எழுதியிருந்தாலும், மற்ற நாட்டு எழுத்தர்கள் படியெடுத்தபோது, தங்கள் வழிபாட்டுக்கு ஒத்துவராத அந்த வரிகளோடு கீரியேயையே விட்டுவிட்டதும் உண்டு.

மற்ற நாட்டு எழுத்தர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பீர்கள். 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தில் மடங்கள் கலைக்கப்பட்டன. 1549இல் ஆங்கில வழிபாட்டு நூல் வந்ததும் லத்தீன் பாட்டுப் புத்தகங்களுக்கு வேலையில்லாமல் போனது. பெரும்பகுதி அழிந்தது. டன்ஸ்டபிள், பவர் முதலானோரின் படைப்புகளில் பல இன்று நமக்குக் கிடைப்பது ட்ரென்ட், அவோஸ்தா, மொதேனா போன்ற ஆல்ப்ஸ், இத்தாலியச் சுவடிகள் வழியாகத்தான். 'கபுத்' திருப்பலி இசைகூட நெடுங்காலம் துஃபாயின் பெயரில் இருந்தது. 1440களைச் சேர்ந்த, பெயர் தெரியாத ஆங்கிலேயர் ஒருவரின் படைப்பு என்று பிறகுதான் தெளிவானது. அதன் டெனர், பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் சால்ஸ்பரி முறைப்படி பாடும் கீதத்தில், 'கபுத்', அதாவது 'தலை' என்ற ஒரே சொல்லுக்குரிய நீண்ட இழுப்பு. டெனருக்கும் கீழே தனியாக ஒரு அடிக்குரலை அது வைத்தது. பிற்கால நான்கு குரல் அமைப்புக்கு அது ஒரு முன்மாதிரி. டெனரையும் அதன் கீழுள்ள குரலையும் பிரித்துக் கேட்கப் பழக இதைவிடப் பொருத்தமான இசை கிடைக்காது.

கேள்வி: ஒரே பாடலை ஒரு குழு ஆண்களை மட்டும் வைத்துப் பாடுகிறது, ஒன்று பெண்களோடு, ஒன்று சிறுவர்களோடு. சுருதியும் வேறு வேறு. எது சரி?

பதில்: சுருதிக்கு 'சரி' என்று ஒன்று கிடையாது. சுவடியில் இருப்பது சுரங்களுக்கு இடையிலான உறவு. எந்த உயரத்தில் தொடங்குவது என்பதைப் பாடகர்கள் தம் தொண்டைக்கு ஏற்ப முடிவு செய்தார்கள். ஆகவே இரண்டு பதிவுகள் ஒன்றரைச் சுரம் வேறுபட்டால் எதுவும் பிழையில்லை.

குரல் வகையில் காலம் முக்கியம். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பலகுரலிசை பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள் சிலர் பாடியது, ஒரு வரிக்கு ஒரு ஆள் என்ற அளவில். பவருக்கும் டன்ஸ்டபிளுக்கும் ஹில்லியர்ட் குழு, ஆர்லாண்டோ கான்சர்ட் போன்ற நான்கைந்து ஆண்களின் பதிவுகளை முதலில் தேர்ந்தெடுங்கள். ஈட்டன் காலத்தில் கதை மாறிவிடுகிறது. ஆறாம் ஹென்றி மன்னர் 1440இல் நிறுவிய ஈட்டன் கல்லூரியில் 16 சிறுவர் பாடகர்கள் இருந்தார்கள். அடிக்குரலிலிருந்து சிறுவர் குரலின் உச்சி வரை மூன்று ஸ்தாயி விரியும் இசையை அவர்களுக்காகத்தான் எழுத முடிந்தது. த சிக்ஸ்டீன், டாலிஸ் ஸ்காலர்ஸ் குழுக்கள் அந்த இடத்தில் பெண்களை வைக்கின்றன. சுத்தமும் நீளமான மூச்சும் கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் பேராலயக் குழுவின் பதிவுகளில் சிறுவர்களே பாடுகிறார்கள். அங்கங்கே சற்றுக் கரடுமுரடு, ஆனால் மேல்குரலில் ஒரு உலோகப் பளபளப்பு. எங்கள் விருப்பம், பாடலைக் கற்றுக்கொள்ளப் பெண்குரல் பதிவு. கற்ற பிறகு சிறுவர் பதிவு.

13ஆம் நூற்றாண்டு இசையைப் பெண்கள் மட்டும் பாடுவதும் பொருத்தமே. எல்லாக் குரல்களும் குறுகிய ஒரே எல்லைக்குள் நகர்வதால் எந்த உயரத்திலும் அவை சிதையாது.

தேடும்போது ஒரு தகவல்: டன்ஸ்டபிள் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், Dunstable அல்லது Dunstaple. இரண்டையும் தட்டிப் பாருங்கள்; பாதிப் பதிவுகள் ஒன்றில், மீதி மற்றொன்றில் கிடைக்கும்.

கேள்வி: ஹெட்ஃபோனா, ஸ்பீக்கரா?

பதில்: குரல்களைப் பிரித்துக் கேட்கப் பழகும்வரை ஹெட்ஃபோன். காதை முழுக்க அடைக்காத, பின்பக்கம் திறந்த வகை நல்லது. பழகிய பிறகு இரண்டு ஸ்பீக்கர். அவற்றுக்கு இடையிலுள்ள தூரமும் உங்களுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும், காது உயரத்தில், சுவரை ஒட்டாமல். ஒற்றை புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒரே உயரத்தில் பின்னிக்கொள்ளும் இரண்டு குரல்களை இடத்தை வைத்துத்தான் காது பிரிக்கிறது; ஒரே புள்ளியிலிருந்து வந்தால் அவை குழைந்துவிடும்.

ஒலியளவை எல்லாக் குரலும் சேரும் இடத்தில் சரிசெய்துவிட்டு அப்படியே விடுங்கள். ஈட்டன் பாடல்களில் இரண்டு மூன்று பேர் பாடும் நீண்ட பகுதிக்குப் பின் முழுக் குழுவும் திடீரென்று நுழையும். மெலிந்த பகுதியில் ஒலியைக் கூட்டி வைத்தால் அந்த நுழைவு காதில் அறையும். குறைத்தால் அடுத்த மெலிந்த பகுதி காணாமல் போகும்.

கருவியில் நான்கு வசதிகளை அணைத்து வையுங்கள்: அடியொலி கூட்டுவது, சூழொலி, பாடல்களின் ஒலியளவைத் தனித்தனியாகச் சமப்படுத்துவது, ஒரு பாடல் முடிவதை அடுத்ததோடு கலப்பது. கடைசியாகச் சொன்னது மிகவும் கெடுக்கும். கல் மண்டபத்தில் கடைசிச் சுரம் பல விநாடி தேய்ந்து மறையும்; அதன்மேல் அடுத்த பாடல் ஏறிவிடும். தரம் குறைந்த கோப்புகளிலும் முதலில் சிதைவது இந்தத் தேய்வுதான், மணல் போல உதிரும். முடிந்தால் இழப்பில்லாத கோப்பு.

பெரிய பேராலய எதிரொலி நிறைந்த பதிவுதான் அசல் என்றும் நினைக்க வேண்டாம். பாடகர்கள் நின்றது, கல் தடுப்பால் பிரித்த பாடகர் பகுதியிலோ மாதா சிற்றாலயத்திலோ. நுட்பமான தாளம் உள்ள 1400களின் முற்பகுதி இசைக்குச் சிறிய கட்டடத்தில் செய்த பதிவே நன்று.

கேள்வி: சுவடியைப் பார்த்துக்கொண்டே கேட்க முடியுமா? சுரக்குறிப்பு ஓரளவு படிப்பேன்.

பதில்: முடியும். 1998இல் தொடங்கிய டயம் (DIAMM) என்ற இணையப் படத்தொகுப்பில் இடைக்காலச் சுவடிகள் ஏராளம். பதிவு செய்துகொண்டால் பெரிதாக்கிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. முதலில் ஓல்ட் ஹால் சுவடி. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தது. 'ராய் ஹென்றி' என்ற பெயரில் ஒரு அரசரின் பாடல்கூட உண்டு. அது ஐந்தாம் ஹென்றி என்பதே இப்போது பலரின் கருத்து. இதில் பல பாடல்களில் குரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டு, பாடல் வரி கடைசிக் குரலின் கீழ் மட்டும் இருக்கும். கண் ஒரே திசையில் நகர்ந்தால் போதும்.

ஈட்டன் சுவடி வேறு மாதிரி. ஏறத்தாழ 60 செ.மீ. உயரமுள்ள ஏடுகள். விரித்த இரண்டு பக்கத்தில் ஒவ்வொரு குரலும் தனித்தனி மூலையில். முழுக் குழுவும் ஒரே புத்தகத்தைச் சுற்றி நின்று பாடியது, எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கம் திருப்ப வேண்டும். எல்லாக் குரலையும் பார்க்க முயலாதீர்கள். ஒரே ஒரு குரலை எடுத்து, அதன் ஓய்வுக்குறிகளை எண்ணியபடி பின்தொடருங்கள். 93 பாடல்கள் இருந்த சுவடியில் இன்று முழுதாகவோ பகுதியாகவோ எஞ்சியவை 64.

இரண்டு சுவடியிலும் சிவப்பு மை உண்டு, பொருள் வேறு. ஓல்ட் ஹாலில் சுரமே சிவப்பாக இருந்தால் அதன் காலஅளவு மாறுகிறது. மூன்றாக எண்ண வேண்டியது இரண்டாகும். ஈட்டனில் சிவப்பாக எழுதியிருப்பது பாடல் வரி. குரல் குறைந்து சிலர் மட்டும் பாட வேண்டிய பகுதி அது. வரி கறுப்புக்கு மாறும் இடத்தில் முழுக் குழு நுழையும். சுரம் படிக்கத் தெரியாதவர்களும் இந்த நிற மாற்றத்தை வைத்தே பாடலைப் பின்தொடரலாம்.

நவீனக் குறிப்பில் வேண்டுமானால் மியூசிகா பிரிட்டானிகா வரிசையில் 8ஆம் தொகுதி டன்ஸ்டபிள், 10 முதல் 12 வரை ஈட்டன். தாளக் கோடுகள் பதிப்பாசிரியர் போட்டவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வின்செஸ்டர் இசை என்று இரண்டு பதிவு வாங்கினேன். ஒரே பாடல், மெட்டே வேறாக இருக்கிறது.

பதில்: 1000ஆம் ஆண்டை ஒட்டிய அந்தச் சுவடியில் 170க்கும் மேற்பட்ட இரண்டு குரல் பாடல்கள் உள்ளன, இன்று கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் இருக்கிறது. அதன் குறிகள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டும், எவ்வளவு என்பதைச் சொல்லாது. பாடகருக்கு மெட்டு ஏற்கெனவே மனப்பாடம், குறி வெறும் நினைவூட்டல். மூல கீதத்தைப் பிற்காலக் கோட்டுக் குறிப்புச் சுவடிகளிலிருந்து மீட்கலாம். கூடவே வரும் இரண்டாம் குரலை அறிஞர்கள் அந்தக் கால இலக்கண விதிகளைக் கொண்டு ஊகிக்கிறார்கள். ஊகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். இரண்டு பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். இரு குரலும் வரிமுடிவில் ஒரே சுரத்தில் வந்து சேர்வதை இரண்டிலும் ஒப்பிட்டுக் கேட்பதே ஒரு நல்ல பயிற்சி.

கேள்வி: லத்தீன் தெரியாது, கிறிஸ்தவரும் அல்ல. எவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்?

பதில்: ஆறு பாடல் வரிகளின் பொருள். திருப்பலியின் குளோரியா, கிரேதோ, சாங்துஸ், ஆக்னுஸ் ஆகிய நான்கு. பிறகு 'சால்வே ரெஜினா', 'மக்னிஃபிகாத்'. தமிழ்க் கத்தோலிக்கச் செப நூல்களில் இவை எல்லாம் தமிழிலேயே கிடைக்கும்; 'கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க' என்ற செபம்தான் சால்வே ரெஜினா. இடைக்கால இங்கிலாந்தில் மாலை வழிபாட்டுக்குப் பிறகு மாதா சுரூபத்தின் முன் கூடிப் பாடிய பாடல் அது. இறுதியில் 'ஓ கனிவே, ஓ பரிவே, ஓ இனிமையே' என்ற விளிகளுக்கு நடுவே ஆங்கிலேயர்கள் கூடுதல் வரிகளைச் செருகினார்கள். ஈட்டன் சால்வேக்கள் அவ்வளவு நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சில குழுக்கள் லத்தீனை இத்தாலிய முறையில் அல்லாமல் பழைய ஆங்கில வாயால் உச்சரிக்கின்றன. 'ச்சேலி' என்பது 'ஸேலி' என்று கேட்டால் திகைக்க வேண்டாம்.

கேள்வி: இங்கிலாந்து போகிறேன். நேரில் கேட்க முடியுமா?

பதில்: பேராலயங்களிலும் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிச் சிற்றாலயங்களிலும் மாலை ஆராதனை பாட்டோடு நடக்கிறது. முக்கால் மணி நேரம், கட்டணம் இல்லை. ஆனால் அது 1549க்குப் பிறகு உருவான ஆங்கில வழிபாடு. இடைக்கால லத்தீன் இசை எப்போதாவதுதான் வரும். ஒவ்வொரு பேராலயமும் வாரத்துக்கான பாடல் பட்டியலை இணையத்தில் முன்கூட்டியே இடுகிறது. அதில் டன்ஸ்டபிள், பவர், பிரவுன், கார்னிஷ், ஃபேர்ஃபாக்ஸ் பெயர்களைத் தேடுங்கள். பள்ளி விடுமுறையில், குறிப்பாக ஆகஸ்டில், சொந்தக் குழு இருக்காது. வெளியூர்க் குழு பாடும், அல்லது பாட்டே இருக்காது. வாரத்தில் ஒரு நாள் பாட்டில்லாத ஆராதனை வைப்பதும் உண்டு. பதினைந்து இருபது நிமிடம் முன்பே போய், பாடகர் இருக்கைகளுக்கு அருகே இடம் கேளுங்கள். தடுப்புக்கு வெளியே பெரிய மண்டபத்தில் உட்கார்ந்தால் குரல்கள் கலங்கித்தான் வந்து சேரும். இது வழிபாடு, கச்சேரி அல்ல. கைதட்டவோ ஒலிப்பதிவு செய்யவோ கூடாது.

இடைக்கால இசை மட்டுமே வேண்டுமென்றால், மேலே சொன்ன குழுக்களில் இன்றும் பாடிவருபவற்றின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துப் பயணத் தேதியை வையுங்கள்.